ஸ்க்ரூவைத் தொடாத பம்பு கடை

லோடோடு தொப்பூர் கணவாய் ஏறினால் வண்டி செகண்ட் கியருக்கு இறங்கிவிடும், கிளம்பும்போது கருப்புப் புகை, டீசலும் கூடக் குடித்துக்கொண்டிருந்தது. பழைய டர்போ லாரி, கம்மின்ஸ் 6 பி.டி. இன்ஜின், இன்ஜினுக்கு டீசலை அளந்து விடுகிற மைக்கோ இன்லைன் பம்பு (கம்பெனி பெயர் 2008-லேயே பாஷ் என்று மாறிவிட்டது, பட்டறையில் இன்னும் மைக்கோதான்). வழியில் ஒரு மெக்கானிக் பம்பின் ஈய சீலை உடைத்து, டீசல் அளவு ஸ்க்ரூவைத் திருகி டீசலை ஏற்றி வைத்தார். புகைதான் ஏறியது, இழுவை வரவில்லை.

அப்புறம்தான் நாமக்கல்லில் இந்தப் பம்பு கடைக்குப் போனேன். "அண்ணே, இன்னும் கால் சுத்து ஏத்தி விடுங்க போதும்" என்றேன். அவர் ஸ்க்ரூ பக்கமே போகவில்லை. இன்ஜினுக்குக் காற்று போகிற மேனிபோல்டிலிருந்து பம்புக்கு வருகிற சின்ன பைப்பைக் கழற்றி, பம்பு பக்கம் கைப்பம்பால் காற்றடித்து, பம்பின் கவர்னர் (வேகத்தைக் கட்டுப்படுத்துகிற பகுதி) மேல் தொப்பி மாதிரி இருக்கிற இடத்தில் காதை வைத்துக் கேட்டார். புஸ்ஸென்று காற்று போகிறது. உள்ளே டயபிரம் என்கிற சவ்வு கிழிந்திருந்தது.

டர்போ இன்ஜினுக்குள் அழுத்தி ஊதுகிற காற்று அந்த டயபிரத்தை அழுத்தினால்தான் பம்பு கூடுதல் டீசல் விடும், காற்று வராத வரைக்கும் ஸ்பிரிங் டீசலைப் பிடித்து வைத்திருக்கும். டயபிரம் கிழிந்தால் டர்போ எவ்வளவு ஊதினாலும் பம்புக்குத் தெரியாது. இந்த லட்சணத்தில் ஸ்க்ரூவை ஏற்றினால் டர்போ ஊத ஆரம்பிக்கும் முன்பே டீசல் கொட்டும், எரியக் காற்று இருக்காது, புகை ஏறியது அதனால்தான். அப்படியே ஓட்டியிருந்தால் மேட்டில் சூடு ஏறி டர்போவும் பிஸ்டனும் போயிருக்கும் என்றார்.

புது டயபிரம் போட்டு, பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, காற்று கொடுத்து ஒரு தடவை, கொடுக்காமல் ஒரு தடவை சிலிண்டருக்கு ஒன்றாகப் போகிற ஆறு லைனுக்கும் ஜாரில் டீசல் பிடித்து அளந்தார். இரண்டு லைன் குறைவாக வந்தது, அதையும் சமமாக்கி பழைய செட்டிங்குக்குக் கொண்டுவந்து புது சீல் வைத்தார். பக்கத்தில் நின்று பார்க்க விட்டார், அது எனக்குப் பிடித்தது.

பிடிக்காதது, சாயந்திரம் என்று சொல்லி இரண்டு நாள் இழுத்தது. பில்லில் மொத்தத் தொகை மட்டும்தான், கேட்டால்தான் பிரித்துச் சொல்கிறார். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசிலையும் நான் கேட்ட பிறகுதான் டெஸ்ட் பண்ணினார்.

இப்போது அதே லோடுக்கு தொப்பூரில் தேர்டு கியர் நிற்கிறது. டிரைவருக்குத்தான் திருப்தி இல்லை, புகை விடாமல் கிளம்புகிற வண்டியில் என்ன பவர் இருக்கும் என்கிறார்.