மாடி ஆடியதை எங்கே பதிவது? சென்னைக்காரர்களுக்கு நான்கு வழிகள்

சென்னையில் தரை லேசாக அசைந்தால் முதலில் நிரம்புவது அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுதான். ‘பி பிளாக் ஆடியது’, ‘எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை’ என்று குவிகிற அத்தனையும் நில அதிர்வியலுக்கு வேண்டிய தகவல். ஆனால் மறுநாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் அது புதைந்துவிடும். அதைச் சேர வேண்டிய இடத்தில் சேர்க்க இப்போது நான்கு வழிகள் உண்டு: அமெரிக்கப் புவியியல் ஆய்வகமான யுஎஸ்ஜிஎஸ்ஸின் ‘டிட் யூ ஃபீல் இட்’ படிவம், ஐரோப்பிய மையமான இஎம்எஸ்சியின் ‘லாஸ்ட்குவேக்’ செயலி, நம் தேசிய நில அதிர்வு மையத்தின் ‘பூகம்ப்’ செயலி, ஆண்ட்ராய்டு போனிலேயே இருக்கும் கூகுள் எச்சரிக்கை. என் ஓட்டு யுஎஸ்ஜிஎஸ் படிவத்துக்கு. மற்றவை வீண் என்பதால் அல்ல. நாம் சொல்லும் பதில் எப்படி எண்ணாகிறது என்ற ஒரே விஷயத்தில் அது தனித்து நிற்கிறது.

ரிக்டர் எண் நிலநடுக்கத்துக்கு ஒன்றுதான். நாம் உணரும் செறிவு ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு மாறும். இது பலருக்கும் தெரிந்ததே. செறிவை அளக்கும் மெர்காலி அளவுகோல் 1 முதல் 12 வரை போகும். 2, 3 என்றால் உட்கார்ந்திருக்கும் சிலர் உணர்வார்கள். 6 வந்தால் எல்லோரும் உணர்வார்கள், சுவர்ப்பூச்சு உதிரும்.

சென்னைக்கு இது ஏன் சிக்கலாகிறது என்று பார்க்க இரண்டு நிகழ்வுகள் போதும். 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அருகே கடலில் ஏற்பட்டது சுமார் 5.5 அளவுதான், ஆனால் சென்னையிலிருந்து ஏறத்தாழ 125 கி.மீ. தூரத்திலேயே. தரைத்தளத்தில் இருந்தவர்களும் உணர்ந்தார்கள். 2012 ஏப்ரல் 11 மதியம் சுமத்ரா கடலில் ஏற்பட்டது 8.6, தூரம் சுமார் 1,850 கி.மீ. அன்று அலுவலகங்களிலிருந்து வெளியே ஓடிவந்தவர்கள் பெரும்பாலும் மாடியில் இருந்தவர்கள். நெடுந்தூரம் வரும்போது வேகமாக ஆட்டும் அலைகள் வழியிலேயே தேய்ந்துவிடும். மெதுவாக ஆட்டும் நீண்ட அலைகள் மட்டுமே வந்து சேரும்.

நிலநடுக்கம் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 1893இன் எளிய வாய்ப்பாட்டில் கணக்கிட்டால், 7 மீட்டர் உயர கான்கிரீட் சட்டக வீடு ஒருமுறை ஆடித் திரும்ப சுமார் 0.3 நொடி, 45 மீட்டர் உயரக் கட்டடத்துக்கு சுமார் 1.3 நொடி. நீண்ட அலையின் தாளம் உயரமானதோடுதான் ஒத்துப்போகும். 1985இல் மெக்சிகோ நகரத்தில் இதுவே பேரழிவானது: நிலநடுக்க மையம் 350 கி.மீ.க்கும் அப்பால், ஆனால் பழைய ஏரிப்படுகையின் களிமண் ஏறக்குறைய 2 நொடித் தாளத்தில் குலுங்க, 6 முதல் 15 மாடிக் கட்டடங்களே அதிகம் அடிபட்டன. நமக்கும் பள்ளிக்கரணை, வேளச்சேரிப் பக்கம் மென்களிமண். பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் சார்னோகைட் என்னும் கடினப் பாறை. ஒரே அதிர்வு இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது.

ஆக, சென்னையிலிருந்து போகும் எந்தப் பதிவிலும் மாடியும் மண்ணும் கலந்தே இருக்கும். அவற்றைப் பிரித்துப் பார்க்க இடம் தருகிறதா என்பதுதான் என் அளவுகோல்.

கூகுளை முதலில் ஒதுக்கிவிடலாம். அது எச்சரிக்கை மணி, பதிவேடு அல்ல. சார்ஜரில் அசையாமல் கிடக்கும் போன்களின் முடுக்கமானியை (அசைவை உணரும் கருவி) வைத்து அதிர்வைப் பிடிக்கிறது; இந்தியாவில் 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. செட்டிங்ஸில் பாதுகாப்பு, அவசரநிலைப் பகுதியில் அது இயங்குகிறதா, இருப்பிடம் இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் சில நொடிகளை வேண்டாம் என்பானேன்? ஆனால் சென்னையை ஆட்டுபவை பெரும்பாலும் வங்கக் கடலுக்கு அடியிலிருந்து வருபவை. நடுக்கடலில் போன் கிடையாது. 2023 பிப்ரவரியில் துருக்கியின் 7.8 நிலநடுக்கத்தையே அது அப்போது 4.5 முதல் 4.9 வரை என்று குறைத்துக் கணித்தது. பின்னர் கணிப்புமுறையைத் திருத்தினார்கள்.

‘பூகம்ப்’ செயலியைப் போனில் வைத்திருக்க ஒரே காரணம் போதும்: சின்ன அதிர்வுகள். 2021 நவம்பர் 29 அதிகாலை வேலூருக்கு மேற்கே 3.6 பதிவானது போன்றவற்றுக்கு தேசிய மையத்தின் பட்டியல்தான் கதி. அமெரிக்காவுக்கு வெளியே யுஎஸ்ஜிஎஸ் பொதுவாக 4.5க்கு மேற்பட்டவற்றையே பட்டியலிடும். இரண்டு மையமும் ஒரே நிலநடுக்கத்துக்கு 0.2, 0.3 வித்தியாசத்தில் எண் சொல்வதைப் பார்த்து யாரோ மறைக்கிறார்கள் என்று குழுவில் சண்டை போடுவதுண்டு. நிலையங்கள் வேறு, கணக்கிடும் முறை வேறு; அவ்வளவுதான்.

லாஸ்ட்குவேக்தான் உண்மையான போட்டி. வேகத்தில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. கருவிப் பதிவுக்குக் காத்திராமல், ஒரே வட்டாரத்திலிருந்து திடீரென்று எத்தனை பேர் தளத்தையும் செயலியையும் திறக்கிறார்கள் என்பதை வைத்தே ‘இங்கே ஏதோ நடந்திருக்கிறது’ என்று ஊகித்துவிடும். பதிவதும் சுலபம்: விளக்கு ஆடுவது, அலமாரி சாய்வது, சுவர் இடிவது என்று வரிசையாகப் படங்கள், உங்கள் அனுபவத்துக்குப் பொருந்துவதைத் தட்டினால் முடிந்தது. ஆங்கிலப் படிவம் என்றால் ஒதுங்கும் பெரியவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

சிக்கலும் அந்தப் படத்தில்தான். ஒரு படம், ஒரு எண். பதினான்காவது மாடியில் விளக்கு நன்றாக ஆடியது, வேறெதுவும் நகரவில்லை, பயமும் இல்லை என்றால் எதைத் தட்டுவது? விளக்கைப் பார்த்துத் தட்டினால் ஊரின் செறிவு ஏறிவிடும். ஐந்தாம் மாடிக்கு மேலிருந்து வரும் அனுபவங்களைச் செறிவு கணிக்கும்போது விலக்கிவிடுவது நல்லது என்று ஐரோப்பிய அளவுகோலான இஎம்எஸ்-98இன் வழிகாட்டியே சொல்கிறது. ஓஎம்ஆர் முழுக்க அதற்கு மேல்தான் குடியிருக்கிறது!

யுஎஸ்ஜிஎஸ் படிவம் எண்ணை உங்களிடம் கேட்பதே இல்லை. உணர்ந்தீர்களா, அசைவு எவ்வளவு, எப்படி எதிர்வினை காட்டினீர்கள், நிற்க முடிந்ததா, அலமாரிப் பொருள் விழுந்ததா, சுவர்ப்படம் நகர்ந்ததா, மேசை பீரோ நகர்ந்ததா, கட்டடத்தில் சேதமா என்று தனித்தனியாகக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை: உணர்ந்ததற்கு 5, அசைவுக்கும் எதிர்வினைக்கும் தலா 1, நிற்பதற்கு 2, அலமாரிக்கு 5, சுவர்ப்படத்துக்கு 2, பீரோவுக்கு 3, சேதத்துக்கு 5. எடையால் பெருக்கிக் கூட்டிய தொகையின் இயல் மடக்கையை 3.40ஆல் பெருக்கி 4.38ஐக் கழித்தால் செறிவு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பதில்களுக்கான புள்ளிகள்: உணர்ந்தது 1, அசைவு 2, எதிர்வினை 2, மற்றவை பூச்சியம். தொகை 5+2+2 = 9; செறிவு 3.1. அதே ஆள், ஏற்கெனவே விளிம்பில் இருந்த ஒரு டப்பா விழுந்ததற்காக ‘சில பொருள்கள் விழுந்தன’ (1 புள்ளி) என்று குறித்தால் தொகை 14, செறிவு 4.6. ஒரே ஒரு தட்டலில் ஒன்றரைப் படி! தனிப் பதிவு ஒன்றை நம்ப முடியாததற்கு இதுதான் காரணம்.

ஆனால் வரைபடத்தின் ஒரு சதுரக் கட்டத்துக்குள் வரும் பதில்களை ஒவ்வொரு கேள்விக்கும் தனியே சராசரி எடுத்த பிறகுதான் கூட்டுகிறார்கள். பத்துப் பேரில் ஒருவருக்கு மட்டுமே டப்பா விழுந்தது என்றால் அலமாரியின் சராசரி 0.1, தொகை 9.5, செறிவு 3.3. டப்பா அடங்கிவிட்டது. படம் தட்டும் முறையில் இந்தப் பிரிப்பு நடக்காது. மாடியால் வரும் மிகை படிவத்திலும் முழுதாகப் போய்விடாது. ஆனால் அது எந்தப் பதிலில் ஒட்டியிருக்கிறது என்று பின்னால் வருபவர் தோண்டிப் பார்க்க முடியும்.

இந்தப் படிவம் 2004 முதல் உலகம் முழுவதற்கும் திறந்திருக்கிறது. நிகழ்வின் பக்கத்தில் 10 கி.மீ., 1 கி.மீ. கட்டங்களாக வரைபடமும், தூரம் கூடக்கூடச் செறிவு எப்படிக் குறைகிறது என்ற வரைவும் கிடைக்கும். 2011இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வந்த 5.8க்கு 1,40,000க்கும் மேற்பட்ட பதிவுகள் குவிந்தன. மேற்கே கலிபோர்னியாவின் நொறுங்கிய புவியோடு அலையை விழுங்கிவிடும். வர்ஜீனியா இருக்கும் கிழக்கு அமெரிக்காவின் பழைய, குளிர்ந்த பாறை அதை வெகுதூரம் கடத்தும். தென்னிந்தியாவும் அப்படிப்பட்ட பழம்பாறைதான். அதனால் இங்கேயும் தொலைவில் இருந்து வரும் ‘லேசாக உணர்ந்தேன்’ பதிவுகளுக்கு மதிப்பு அதிகம். ‘உணரவில்லை’ என்ற பதிலையும் படிவம் ஏற்கும். அதை யாரும் அனுப்புவதில்லை, அதனால்தான் கட்டாயம் அனுப்பச் சொல்கிறேன்.

நிரப்பும்போது கெடுவது சில இடங்களில்தான். நேரத்தை உடனே குறித்துவையுங்கள். பக்கத்தில் உலகப் பொது நேரம் காட்டினால் 5 மணி 30 நிமிடம் கூட்டுங்கள். 2012 ஏப்ரலில் 8.6க்குப் பிறகு இரண்டு மணி நேரத்தில் 8.2 வந்தது, அந்த மாதிரி நாளில் தவறான நிகழ்வில் பதிவு விழுவது சுலபம். முகவரியில் ‘சென்னை’ என்று மட்டும் போடாதீர்கள், தெரு வரை கொடுங்கள். இல்லையென்றால் 1 கி.மீ. கட்டத்தால் பயனில்லை. பழைய பூச்சு விரிசலைச் சேதம் என்று சேர்க்காதீர்கள், அதன் எடை 5. கருத்துப் பெட்டியில் ‘14ஆம் மாடி, மொத்தம் 18’ என்று எழுதுங்கள். வீட்டுக்கு ஒரு பதிவு போதும், ஆனால் தரைத்தளத்துக் காவலாளியிடம் கேட்டு அவருக்கு ஒன்று போட்டால் அது உங்களுடையதைவிட உபயோகம்.

பட்டியலில் நிகழ்வே இல்லையென்றால்? 2023 பிப்ரவரி 22 அன்று அண்ணா சாலைப் பக்கம் அலுவலகங்களில் அதிர்வு என்று ஊழியர்கள் வெளியே வந்தார்கள். மெட்ரோ பணி காரணமல்ல என்றது மெட்ரோ நிர்வாகம், நிலநடுக்கம் பதிவாகவில்லை என்றது தேசிய மையம். இப்படிப்பட்ட நாளுக்கென்றே யுஎஸ்ஜிஎஸ்ஸில் ‘பெயரிடப்படாத நிகழ்வு’ படிவம் தனியாக இருக்கிறது. முதலில் பூகம்ப் பட்டியலைப் பாருங்கள். அரை மணி நேரம் கழித்தும் எதுவும் இல்லையென்றால் இதை நிரப்புங்கள். பின்னால் நிலநடுக்கம் உறுதியானால் உங்கள் பதிவை அதனுடன் சேர்க்க முடியும். உறுதியாகவில்லை, உங்கள் கட்டடம் மட்டும்தான் ஆடுகிறது என்றால், அடுத்த போன் கட்டமைப்புப் பொறியாளருக்குப் போக வேண்டும்.