கேன்பரா எம்ஆர்டி: ஓடும் பாதையில் இடைச்செருகிய நிலையம், ஒரு மதிப்பீடு

எம்ஆர்டி என்பது சிங்கப்பூரின் நகர ரயில். அதன் வடக்கு-தெற்குப் பாதையில் செம்பவாங்குக்கும் ஈசூனுக்கும் நடுவே இருக்கிறது கேன்பரா. குறியீடு என்எஸ்12. திறந்தது 2019 நவம்பர் 2. ஆனால் அந்த வழியாக ரயில் 1996 பிப்ரவரி 10 முதலே ஓடிக்கொண்டிருந்தது. 23 ஆண்டுகளுக்கும் மேலாக ரயில்கள் நிற்காமல் கடந்துபோன ஓர் இடத்தில், பாதையை நீண்ட நாள் மூடாமல், பின்னால் கட்டிச் சேர்த்த நிலையம் இது. இதன் நல்லது கெட்டது எல்லாமே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் பயணிக்குக் கண்ணில் படுவதைச் சொல்லிவிடலாம். ஈசூனிலும் செம்பவாங்கிலும் தளமேடை நடுவில் இருக்கும், தண்டவாளங்கள் அதன் இருபுறமும் ஓடும். மேலே ஏறிய பிறகு எந்தப் பக்கம் ரயில் என்று பார்த்துக்கொண்டால் போதும். கேன்பராவில் அப்படி இல்லை. இரண்டு தண்டவாளங்கள் நடுவில், தளமேடைகள் வெளிப்புறத்தில் ஆளுக்கொரு பக்கம். பயண அட்டையைத் தட்டி உள்ளே போனதுமே எந்தத் திசை என்று முடிவெடுத்தாக வேண்டும். பீஷான், சிட்டி ஹால் பக்கம் போகிறவர்கள் மரினா சவுத் பியர் என்று எழுதியிருக்கும் மேடைக்கு ஏற வேண்டும். உட்லண்ட்ஸ், சுவா சூ காங் போகிறவர்களுக்கு ஜூரோங் ஈஸ்ட் மேடை. தவறி ஏறிவிட்டால் மறுபடி கீழே இறங்கி எதிர்ப்பக்கம் ஏறுவதைத் தவிர வேறு வழி கிடையாது. கட்டணம் அதிகமாகாது, ஒரு ரயில் போய்விடும், அவ்வளவுதான். தள்ளுவண்டியில் குழந்தையோடு வருகிறவர்களும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் மின்தூக்கிக்குப் போகுமுன் பலகையைப் பார்த்துவிடுவது நல்லது. அவர்களுக்குத்தான் இந்தத் தவறு அதிக நேரத்தைத் தின்னும்.

இதை வடிவமைப்புக் குறை என்று சொல்ல மாட்டேன். நடுவில் தளமேடை வேண்டுமென்றால் இரண்டு தண்டவாளங்களும் பல மீட்டர் விலகியிருக்க வேண்டும். அந்த விலகலை முதலில் பாதை போடும்போதே கொடுத்திருக்க வேண்டும். நெருக்கமாகப் போட்ட இரட்டைத் தண்டவாளத்தில், தினமும் ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரு தண்டவாளத்தைப் பிய்த்து நகர்த்துவது நடக்கிற காரியமா? வெளியே கட்டுவதுதான் ஒரே வழி. 2001 அக்டோபர் 18-இல் திறந்த டோவர் நிலையத்திலும் இதே கதைதான். ஓடும் எம்ஆர்டி பாதையில் பின்னால் சேர்த்த முதல் நிலையம் அது. அங்கேயும் மேடைகள் வெளிப்புறத்தில்தான்.

கட்டுமானத்தில் பெரிய சிக்கல் நேரம். கடைசி ரயில் போய், மின்சாரத்தைத் துண்டித்து, ஆட்கள் இறங்கி, வேலை முடித்து, கருவிகளை எண்ணி எடுத்து, மறுபடி மின்சாரம் கொடுக்க வேண்டும். பாதைக்குப் பக்கத்தில் கை வைக்கக் கிடைப்பது இரவில் ஏறத்தாழ மூன்றரை மணி நேரம்தான். இந்தப் பாதையில் மின்சாரம் மேலே கம்பியில் வருவதில்லை. தண்டவாளத்தை ஒட்டிய மூன்றாவது தண்டில் 750 வோல்ட் நேர்மின்சாரம் ஓடுகிறது. காலடியிலேயே ஆபத்து இருப்பதால் துண்டித்ததை உறுதி செய்யாமல் யாரும் இறங்க முடியாது. 2014 ஆகஸ்டில் நிலையம் உறுதியானது, 2016 மார்ச்சில் பணி தொடங்கியது, 2019 நவம்பரில் திறப்பு. காலி நிலத்தில் இதே அளவு நிலையத்துக்கு மூன்றரை ஆண்டு அதிகமாகத் தோன்றலாம். ஓடும் பாதையில் இது நியாயமான காலம். மேற்கூரைக்கு ஒரு பாரந்தூக்கியைச் சுழற்றுவதானாலும் ரயில் நிற்கும் நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டும்.

இன்னொரு வேலையையும் இதோடு சேர்த்துச் செய்தார்கள். அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நிலையத்தை ஒட்டி ஒரு தண்டவாளத்திலிருந்து மற்றதற்கு மாறும் குறுக்குப் பாதைகள் போட்டிருக்கிறார்கள். ஏதாவது ஒரு பக்கம் பழுது ஏற்பட்டால் ரயிலை இங்கேயே திருப்பிவிடலாம், சேவை நிற்கும் நீளம் குறையும். கேன்பராவில் ஒருநாளும் இறங்காத உட்லண்ட்ஸ்வாசிக்கும் இதனால் பலன் உண்டு. செலவை நியாயப்படுத்தும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கடந்துபோகிறவர்கள் கொடுக்கும் விலையும் கணக்கில் வர வேண்டும். இந்தப் பாதையில் உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 22 மீட்டர். வினாடிக்கு ஒரு மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்து, நின்று, மறுபடி அதே வீதத்தில் கூட்டினால் இழப்பது சுமார் 22 வினாடி. கதவு திறந்து மூட இன்னொரு அரை நிமிடம். ஆக நிலையம் ஒன்று கூடினால் பயணத்தில் ஏறக்குறைய ஒரு நிமிடம் கூடும். போக வர இரண்டு நிமிடம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயில் விடும் நேரத்தில் அதே இடைவெளியைக் காப்பாற்ற ஒரு ரயில் கூடுதலாகத் தேவைப்படும். புது நிலையத்தின் விலை என்றால் கான்கிரீட்டையும் மின்படிகளையும் மட்டும் எண்ணுகிறவர்கள் இந்த ஒரு ரயிலை மறந்துவிடுகிறார்கள். 2017-இல் இந்தப் பாதைக்கு வந்த புதிய சமிக்ஞை முறை ரயில்களை 100 வினாடி இடைவெளி வரை நெருக்கமாக விட இடம் கொடுத்தது. கேன்பரா வந்தபோது அந்த ஒரு நிமிடம் பெரிதாக உறுத்தாததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

சரி, யார் காசு? சிங்கப்பூரின் விதி எளிமையானது. 1996-இல் வந்த நிலப் போக்குவரத்து வெள்ளை அறிக்கையின்படி சுரங்கம், மேம்பாலம், நிலையம் ஆகிய கட்டமைப்பு அரசாங்கச் செலவு. அன்றாடம் ஓட்டும் செலவு கட்டண வருமானத்திலிருந்து வர வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் ஓர் ஓட்டை உண்டு. நிலையத்தைக் கட்டுவது ஒருவர், திறந்தபின் விளக்கும் ஆளும் போட்டு நடத்துவது இன்னொருவர். பயணிகள் வந்து சேரும்வரை வரும் நட்டத்தை யார் தாங்குவது?

இந்தக் கேள்விக்கு விடை புவாங்கோக்கில் கிடைத்தது. வடகிழக்குப் பாதை 2003 ஜூன் 20-இல் திறந்தபோது புவாங்கோக் நிலையம் கட்டி முடித்துத் தயாராக இருந்தது. ஆனால் கதவு திறக்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் போதிய வீடுகள் வரவில்லை, நடத்தினால் கட்டுப்படியாகாது என்பது காரணம். வாசலில் நிலையம், ஏற முடியாது. 2005 ஆகஸ்டில் அமைச்சர் ஒருவர் அந்த வட்டாரத்துக்கு வந்த நாளில், நிலையத்துக்கு வெளியே அட்டையில் வெட்டிய எட்டு வெள்ளை யானைகளை யாரோ நிறுத்தி வைத்தார்கள். பெருஞ்செலவில் வந்து பயனில்லாமல் கிடப்பதை வெள்ளை யானை என்பார்கள். அனுமதியில்லாமல் வைத்ததாகக் காவல்துறை விசாரணையும் நடந்தது. நிலையம் 2006 ஜனவரி 15-இல் திறந்தது. அதே பாதையில் உட்லீ இன்னும் காத்திருந்து 2011 ஜூன் 20-இல்தான் திறந்தது. கட்டுமானப் பணத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு முதல் சில ஆண்டு நடத்தும் செலவுக்கு வழி சொல்லாத திட்டம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அந்த எட்டு யானைகளே போதும்.

கேன்பரா அந்தச் சிக்கலில் மாட்டவில்லை. காரணம் இரண்டு. ஒன்று, 2016 அக்டோபர் 1 முதல் இந்தப் பாதை புதிய நிதி ஏற்பாட்டுக்கு மாறிவிட்டது. ரயில்கள், சமிக்ஞைக் கருவிகள் எல்லாவற்றையும் பாதையை நடத்தும் எஸ்எம்ஆர்டி நிறுவனத்திடமிருந்து அரசின் நிலப் போக்குவரத்து ஆணையம் ஏறத்தாழ 106 கோடி சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கிக்கொண்டது. நிறுவனம் உரிமக் கட்டணம் செலுத்துகிறது. அது ரயில் சொத்துகளைப் புதுப்பிப்பதற்கான நிதியில் சேர்கிறது. புது ரயில் வாங்குவது இனி ஆணையத்தின் பொறுப்பு. இரண்டு, நிலையம் வீடுகளுக்குப் பின்னால் வந்தது. பாதை போட்டபோது சுற்றிலும் பெரும்பாலும் காலி நிலம். வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிகள் எழுந்து ஆட்கள் குடிவந்த பிறகுதான் ரயில் நின்றது. நடத்துகிறவருக்கு இது பாதுகாப்பு. குடிவந்தவர்களுக்கோ, தலைக்கு மேல் ரயில் ஓட, பேருந்தில் ஈசூனுக்கோ செம்பவாங்குக்கோ போய் ஏறிய ஆண்டுகள். என் பார்வையில் கேன்பராவுக்குக் குறைக்க வேண்டிய மதிப்பெண் இங்கேதான். நிலையக் குறியீடுகளில் 12 என்ற எண்ணையே காலியாக விட்டுவைத்திருந்தார்கள். ஒரு நாள் வரும் என்பது அவர்களுக்கே தெரியும். முதல் அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் போட்ட அன்றே நிலையத்துக்கும் வேலை தொடங்கியிருக்கலாம்.

எண் காலியாக இருப்பதும் நீண்ட இடைவெளி இருப்பதும் மட்டும் நிலையம் கேட்கப் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். இதே பாதையில் காத்திப்புக்கும் இயோ சூ காங்குக்கும் நடுவே இதைவிட நீண்ட தூரம் நிற்காமல் போகிறது. அங்கே நீர்த்தேக்கப் பகுதி, அடர்ந்த குடியிருப்பு இல்லை. அந்த இடத்தில் நிலையம் கேட்க நியாயமில்லை. டோவர் கட்டியபோது எழுந்த முணுமுணுப்பும் இந்த வகைதான்: பெரும்பாலும் சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்காக மட்டும் இவ்வளவு பொதுப் பணமா என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. ஒரே வகைப் பயணிகளை நம்பும் நிலையம் காலையிலும் மாலையிலும் நிரம்பி, விடுமுறையில் காலியாகக் கிடக்கும். கேன்பராவைச் சுற்றி இருப்பது குடும்பங்கள், பக்கத்திலேயே கேன்பரா பிளாசா கடைத்தொகுதி. நாள் முழுவதும் வாரம் முழுவதும் ஆள் ஏறி இறங்குகிறார்கள்.

சுரங்கப் பாதையில் பின்னால் சேர்ப்பது வேறு கணக்கு. வட்டக் குழாயாகத் துளைத்த சுரங்கத்தைப் பிறகு உடைத்து அகலப்படுத்துவது அநேகமாக முடியாத செலவு. அதனால் நிலையத்தின் கூட்டை முதலிலேயே கட்டி மூடி வைக்கிறார்கள். டவுன்டவுன் பாதையின் ஹியூம் அப்படித்தான். பாதை 2015 டிசம்பர் 27-இல் திறந்தது, கூடு மட்டும் நிலத்தடியில் இருந்தது. மின்தூக்கி, மின்படி, காற்றோட்டம், தீத்தடுப்பு, நுழைவாயில் எல்லாம் பொருத்தி ஹியூம் திறந்தது 2025 பிப்ரவரி 28-இல். கூட்டுக்கான பணம் பத்தாண்டு முன்பே மண்ணுக்குள் போய்விட்டது. தரைக்கு மேலே கேன்பரா போலக் கட்டினால் தேவை வரும்வரை பணத்தைக் கையில் வைத்திருக்கலாம். பதிலுக்கு இரவு வேலையும் வெளிப்பக்க மேடையும் நம் தலையில்.

சில நடைமுறைக் குறிப்புகள். தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதைக்கு மாற வேண்டுமானால் மூன்றாவது நிறுத்தம் உட்லண்ட்ஸ். வட்டப்பாதைக்கு ஐந்தாவது நிறுத்தம் பீஷான். நீச்சல்குளமும் உணவங்காடி நிலையமும் உள்ள புக்கிட் கேன்பராவுக்குப் போகிறவர்கள் பெயரைப் பார்த்து இங்கே இறங்கிவிடாதீர்கள். அது செம்பவாங் நிலையத்தை ஒட்டியது. இதே பெயர்க் குழப்பத்தில் வெளியூர் விருந்தினர்கள் அடிக்கடி மாட்டுகிறார்கள்; முகவரி அனுப்பும்போது நிலையத்தின் எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள்: செம்பவாங், என்எஸ்11. பெயரே கடற்படைத் தளக் காலத்தது. செம்பவாங் தளத்தில் வேலை பார்த்த தமிழர்கள் கேன்பரா சாலையை ஒட்டி ஒரு மரத்தடியில் தொடங்கிய முருகன் வழிபாடுதான் இன்று ஈசூனில் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலாக இருக்கிறது.

இதே வடக்கு-தெற்குப் பாதையில் அடுத்து இரண்டு இடைச்செருகல்கள் அறிவிப்பில் உள்ளன. புக்கிட் கோம்பாக்குக்கும் சுவா சூ காங்குக்கும் நடுவே பிரிக்லேண்ட், 2030-களின் நடுவில். அதன்பின் சுங்கை காடுட், அது டவுன்டவுன் பாதை நீட்டிப்போடு சந்திக்கும் நிலையம். பிரிக்லேண்டின் குறியீடு என்எஸ்3ஏ. எழுத்து ஒட்டியிருக்கிறதே, அதற்கு அர்த்தம் உண்டு: கேன்பராவுக்கு எண் ஒதுக்கியதுபோல இதற்கு முன்கூட்டி ஒதுக்கவில்லை. தெங்கா வட்டாரத்திலும் கியட் ஹோங் பக்கத்திலும் வீடு வாங்குகிறவர்கள் முகவரிடம் கேட்க வேண்டியது திறப்பு ஆண்டை மட்டுமல்ல. எந்தப் பக்கம் எத்தனை வாசல், சாலையைக் கடக்க மேம்பாலம் உண்டா, உங்கள் வீட்டுப் பக்கத்து வாசலில் மின்தூக்கி வருமா என்று கேளுங்கள். இருபுற மேடை கொண்ட நிலையத்தில் ஒவ்வொரு மேடைக்கும் தனி மின்தூக்கி வேண்டும். ஒன்று பழுதானால் அந்தத் திசையில் சக்கர நாற்காலிக்காரர் ஏற முடியாது.