விரிப்புக்கு அடியில் பார்த்து வாங்கிய டஸ்டர் கார்

2023 டிசம்பர் 4ஆம் தேதி, மிக்ஜாம் புயல் மழையில் மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் இருந்த என் சின்னக் கார் ஸ்டியரிங் வரை முங்கிவிட்டது. மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்ததும் கதவைத் திறந்தேன். சேற்றோடு சேர்ந்து ஒரு கெளுத்திக் குஞ்சு வெளியே விழுந்தது. முழு இழப்பு என்று காப்பீட்டில் எழுதிக்கொடுத்தார்கள். வந்த பணத்தை வங்கியில் போட்டுவிட்டு ஐந்து மாதம் ஆட்டோவில் அலைந்தேன்.

அடுத்தது உயரமான வண்டிதான் என்பதில் வீட்டில் ஒருவருக்கும் மறுப்பு இல்லை. அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. இரண்டு முழங்காலும் தேய்மானம். தாழ்வான காரில் உட்காருவது அவருக்குப் பள்ளத்தில் இறங்குவது போல. புதிய நடுத்தர எஸ்.யு.வி.க்கான விலையை விசாரித்த அன்றே அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். கணக்கெழுதிப் பிழைப்பவள் நான். மொத்தம் ஐந்து லட்சம், அதில் வண்டிக்கு நான்கு, முதல் வருடச் செலவுக்கு ஒன்று என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடு போட்டேன். பழைய வண்டி வாங்குகிற பலர் தவறுவது இந்த இடத்தில்தான். கையிலிருக்கிற காசு முழுவதையும் விலையாகக் கொடுத்துவிட்டு, மூன்றாம் மாதம் டயர் வாங்கக் கடன் கேட்பார்கள்.

முதலில் பார்த்தது பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் ஒரு பழைய கார் விற்பனையகத்தில். பெயர் வேண்டாம். வெள்ளை நிற எஸ்.யு.வி., 2019ஆம் வருடத்து வண்டி, ஒரே உரிமையாளர், இருநூறு இடங்களில் பரிசோதித்ததாகச் சான்றிதழ் வேறு. உள்ளே மல்லிகை வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தது. என்னோடு வந்திருந்த மெக்கானிக் தம்பி இன்ஜினைப் பார்க்கவே இல்லை. நேராக ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தார். நாம் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு இல்லை; இனி வராது என்கிற வரை, முழுவதுமாக இழுத்தார். கடைசி ஒரு முழத்தில் பட்டையின் குறுக்கே பழுப்பாக ஒரு கோடு. ஊற்றி வைத்த காப்பி ஆறினால் டபராவில் படியுமே, அந்த மாதிரிக் கோடு. அதற்குக் கீழே பட்டை முழுவதும் விறைத்துப்போய், விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது.

"கழுவும்போது தண்ணீர் பட்டிருக்கும் மேடம்" என்றார் விற்பனைப் பையன்.

"கழுவுகிற தண்ணீரில் களிமண் வராது அண்ணே" என்று தம்பி எழுந்துவிட்டார். பிறகு ஸ்டெப்னிக் குழியைத் திறந்து காட்டினார். அடியில் எல்லா திருகும் துருப்பிடித்திருந்தன. முன்னிருக்கையின் கீழே தண்டவாளம் போல இரண்டு கம்பி ஓடும், அவையும் அப்படியே. சான்றிதழ் கொடுத்தவர்கள் இருநூறு இடத்தில் பார்த்தார்கள், இந்த மூன்று இடத்தை மட்டும் விட்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்து எந்த வண்டியாக இருந்தாலும், வெள்ளத்தில் முங்கியதா என்று தெரிய முதலில் சீட் பெல்ட், அடுத்தது விரிப்பு. விரிப்பின் ஓரத்தைத் தூக்கி அடியிலிருக்கும் பஞ்சைக் கிள்ளிப் பாருங்கள். மேலே துணியை மாற்றுவார்கள். அடியில் இருக்கிற பஞ்சை மாற்ற இருக்கை, கன்சோல் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். அந்த வேலைக்கு யாரும் மெனக்கெடுவதில்லை. சென்னையில் 2015 டிசம்பருக்கு முன்பு பதிவான வண்டி என்றால் 2015, 2023 இரண்டு வெள்ளத்துக்கும் கணக்குக் கேட்க வேண்டும்.

டெல்லி வண்டியும் ஒன்று வந்தது. அப்போது அங்கே பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று இருந்தது. அதனால் ஒன்பது வயதிலேயே தெற்கே அனுப்பிவிடுவார்கள். விலை மலிவுதான். ஆனால் தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, புது எண் வாங்கும்போது அந்த மலிவு காணாமல் போய்விடும். நோட்டில் கூட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

ரெனோ நிறுவனத்தின் டஸ்டரைச் சொன்னது தம்பிதான். "அக்கா, உற்பத்தி நின்றுபோன வண்டி என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். அதுதான் நமக்கு விலை" என்றார். யோசித்தால் சரிதான். டஸ்டர் 2012 ஜூலையில் இந்தியாவுக்கு வந்தது. மறுவருடமே நாட்டின் சிறந்த கார் விருது வாங்கியது. நடுத்தர எஸ்.யு.வி. என்கிற பழக்கத்தையே நம்மிடம் ஏற்படுத்தியது அந்த வண்டி என்றுகூடச் சொல்லலாம். 2022இல் உற்பத்தி நின்றது. ஆனால் தயாரானதெல்லாம் நம் ஒரகடத்தில். அதே 1.5 லிட்டர் டீசல் இன்ஜின் நிஸான் டெரானோ, சன்னி, ரெனோ லாட்ஜி ஆகியவற்றிலும் இருக்கிறது. டெரானோ ஏறக்குறைய முகம் மாற்றிய டஸ்டர். இன்ஜின் சாமானுக்கு, உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் அலைய வேண்டியதில்லை. விளக்கு, கதவுப் பிடி போன்ற உடல் பாகங்களுக்குப் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டை இருக்கிறது.

அண்ணா நகரில் ஓய்வு பெற்ற ஒருவர் வைத்திருந்தார். 2015 மார்ச் பதிவு, 110 குதிரைசக்தி கொண்ட இன்ஜின், 64,300 கிலோமீட்டர். சீட் பெல்ட் சுத்தம். விரிப்புக்கு அடியில் உலர்ந்த வேப்பிலை மட்டும் கிடந்தது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். நான்கிலும் 2018 என்றிருந்தது. ஆறு வருடத்து டயர்; தடம் இருந்தாலும் ரப்பர் கல்லாகியிருக்கும். அதைக் காட்டி 4,25,000 என்றவரிடம் நான்கு லட்சத்துக்குப் பேசினேன். "டயருக்காக இருபத்தைந்தாயிரமா அம்மா?" என்று மனிதர் வருத்தப்பட்டார். அவர் காட்டிய சர்வீஸ் ரசீதுகள் ஒரு பழைய திருமண ஆல்பத்துக்குள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. அதைப் பார்த்த பிறகு பேரம் பேச எனக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, பேசிவிட்டேன்.

காகித வேலையில் ஒரே ஒரு முடிச்சு. கடனை 2019லேயே அடைத்திருந்தாலும் ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றில் வங்கியின் பெயர் அப்படியே இருந்தது. வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35ம் கொடுத்து அதை நீக்கிய பிறகுதான் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 நகர்ந்தது. நிலுவை அபராதம் இருக்கிறதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துவிட்டு, பழைய ஃபாஸ்டேக்கை அவர் கையாலேயே மூடச் சொல்லிவிட்டேன். காப்பீட்டில் ஒன்று பலருக்குத் தெரியாது. இழப்பீடு கோராததற்கான தள்ளுபடி ஆளுக்கு உரியது, வண்டிக்கு அல்ல. அவர் சேர்த்த தள்ளுபடி எனக்கு வராது. என்னுடையதை வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

இனி அந்த ஒரு லட்சத்தின் கதை. நான்கு டயர் 33,600. பேட்டரி 7,400. ஏ.சி.யின் கூலிங் காயிலும் காஸும் 14,500. முன்சக்கரத் தாங்கு அமைப்பின் புஷ்களும் லிங்க் ராடுகளும் 11,200. காப்பீடு 12,400. பெயர் மாற்றத்தில் என் பங்கு 3,500. இவற்றில் எதுவும் வண்டியின் குற்றம் இல்லை. ஒன்பது வயதின் கணக்கு. மிச்சம் டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தவறாமல் இயக்குகிற பட்டை. இந்த இன்ஜினில் சங்கிலி இல்லை, ரப்பர் பெல்ட்தான். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதி இன்ஜின் கெட்டுவிடும். கெட்ட பிறகு வரும் செலவு வண்டியின் விலையில் பெரும்பகுதி. ஆல்பத்தில் எல்லா ரசீதும் இருந்தன, பெல்ட் மாற்றியது மட்டும் இல்லை. வாங்கிய மறுநாளே மாற்றினோம். வாட்டர் பம்பையும் சுழற்றுவது அதே பெல்ட்தான் என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும், 16,800. கழற்றிய பெல்ட்டைத் தம்பி என் கையில் மடித்துக் காட்டினார். உட்புறப் பற்களின் அடியில் மயிரிழை போல வரிசையாக வெடிப்பு. அண்ணா நகரிலிருந்து மடிப்பாக்கம் வரை இதை நம்பித்தான் ஓட்டி வந்தேன்.

கூட்டினால் 99,400. மிச்சம் 600 ரூபாய். அதில் அம்மாவுக்கு ஒரு முதுகுத் திண்டு வாங்கினேன்.

ஓட்டிப் பார்த்த விதம் பற்றி. மேடவாக்கம், கீழ்க்கட்டளைப் பக்கம் மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய சாலையில் போய்வந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பழைய காரில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் மனதுக்குள் ஒரு பிரார்த்தனை நடக்கும். டஸ்டரில் அந்தப் பள்ளங்கள் தொலைவில் யாரோ கதவைச் சாத்துவது போலக் கேட்கின்றன, அவ்வளவுதான். மோசமான சாலையில் இந்த வண்டி நடந்துகொள்கிற விதத்துக்காகவே இன்னொரு முறையும் வாங்குவேன். தரையிலிருந்து 205 மில்லிமீட்டர் உயரம், 475 லிட்டர் டிக்கி. செஞ்சியில் பெரியம்மா வீட்டிலிருந்து ஒரு மூட்டை பொன்னி அரிசி, இரண்டு தேங்காய்ச் சாக்கு, ஒரு மடக்குக் கட்டில் எல்லாம் ஒரே நடையில் வந்துவிட்டன.

நெரிசலில் அப்படியில்லை. கிளட்ச் கனம். இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் கீழே தூங்கும், தாண்டினால் திடீரென்று விழித்துக்கொண்டு முன்னே பாயும். வேளச்சேரி விஜயநகர் சந்திப்பில் மாலை ஏழு மணிக்கு முதல் கியரும் இரண்டாவதுமாக முக்கால் மணி நேரம் ஓட்டினால் இடது முழங்காலில் எனக்கும் அம்மாவின் வியாதி வந்துவிடுமோ என்று தோன்றும். தினமும் நகருக்குள் மட்டும் ஓட்டுபவர்கள் வேறு வண்டி பார்க்கலாம். நகரில் லிட்டருக்குப் பதின்மூன்றரை கிலோமீட்டர் கொடுக்கிறது. திண்டிவனம் வழியாகச் செஞ்சிக்கு நிதானமாக 90இல் போனால் பதினெட்டு.

உள்ளே அமைப்பைச் செய்தவர் யாரோ, அவரிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. பக்கக் கண்ணாடிகளைத் திருப்பும் குமிழைக் கைப்பிரேக்குக்கு அடியில் வைத்திருக்கிறார். கைப்பிரேக்கைத் தூக்கினால்தான் விரல் நுழையும். அதாவது வண்டி நின்றால்தான் கண்ணாடி திரும்பும். ஒருவேளை அதுதான் உத்தேசமோ என்னவோ. முதல் வாரம் குமிழைத் தேடிக் கதவு முழுவதும் தடவினேன். தம்பி சிரித்துக்கொண்டே கைப்பிரேக்கைத் தூக்கிக் காட்டினார். பாட்டின் ஒலியைக் கூட்டும் பொத்தானும் ஸ்டியரிங்கின் மேல் இல்லை, பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு குச்சியில் இருக்கிறது. இது மட்டும் பழகிவிட்டால் வசதிதான். கண் சாலையை விட்டு விலகாது.

அம்மாவுக்கு இருக்கை உயரம் இடுப்புக்குச் சரியாக இருக்கிறது. ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். பக்கவாட்டில் உட்கார்ந்து காலைத் திருப்பினால் போதும். முதல் நாள் உட்கார்ந்துவிட்டுக் கபாலீசுவரர் தேரில் வைத்த மாதிரி இருக்கிறது என்றார். தேருக்கு ஒரு சிக்கல், அகலம் 1.82 மீட்டர். எங்கள் அடுக்ககத்தில் கோடு போட்ட காலத்தில் எல்லாரும் சின்னக் கார்தான் வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டு ஐயாவின் வண்டியும் நின்றால் நான் இடப்பக்கம் வழியாகத்தான் இறங்க முடியும், அதுவும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு.

உயரமான வண்டி வாங்கிவிட்டோம், வெள்ளத்துக்கு இனிப் பயமில்லை என்று நினைத்திருந்தேன். 2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்ததும் பதினான்காம் தேதி மாலையே சாவியை எடுத்துக்கொண்டு வேளச்சேரி மேம்பாலத்துக்கு ஓடினேன். எனக்கு முன்னாலேயே வரிசையாகக் கார்கள் நின்றிருந்தன, என்னுடையதைவிடப் பெரியவையும் இருந்தன. பதினாறாம் தேதி வரும் என்று பயமுறுத்திய மழை வரவே இல்லை. வண்டியை எடுக்கப் போனபோது கண்ணாடி முழுவதும் காக்கை எச்சம்.

இன்று 81,000 கிலோமீட்டர். பதினெட்டு மாதத்தில் வழியில் ஒருமுறையும் நின்றதில்லை. ஆர்.சி. 2030 மார்ச் வரை செல்லும். போன வாரம் எங்கள் காவலாளி தன் மைத்துனரை அழைத்து வந்தார். "மூன்றரை லட்சத்துக்குக் கொடுப்பீர்களா அம்மா?" என்றார் அவர். பெயின்டைத் தடவிப் பார்த்தார், டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார், பானட்டைத் திறக்கச் சொன்னார்.

விற்கிற எண்ணம் இல்லை என்று சொல்லிவிட்டு, முன்கதவைத் திறந்து அவருக்கு சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துக் காட்டினேன்.