கண் பிரஷர்: எந்த நேரத்து அளவை நம்புவது?

அம்மாவுக்கு கிளாக்கோமா, அதாவது கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு பழுதாகும் நோய். அவருடைய ஃபைலைப் புரட்டினால் கண் அழுத்தம் 14, 15, 16 என்று நல்ல எண்களாகவே இருக்கும். பார்வைப் பரப்பை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட் மட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மோசமாகிக்கொண்டே வந்தது. அப்புறம்தான் கவனித்தோம், அத்தனை அளவும் பகல் 11 மணிக்கு மேல் எடுத்தவை. ஊரிலிருந்து காலை பஸ் பிடித்துப் போனால் அந்த நேரத்துக்குத்தான் முறை வரும்.

கண் அழுத்தம் நாள் முழுக்க ஒரே மாதிரி நிற்பதில்லை. நோய் இல்லாதவர்களுக்கே 3 முதல் 6 மி.மீ. (பாதரச அளவு) வரை ஏறி இறங்கும். கிளாக்கோமா உள்ளவர்களுக்கு அது 10ஐயும் தாண்டலாம். இரவில் கண்ணுக்குள் நீர் சுரப்பது ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆனாலும் படுத்ததும் சிரைகளில் அழுத்தம் கூடி, நீர் வடிவது சிரமமாகிறது. அதனால் பலருக்கு உச்சம் தூக்கத்திலோ விடியற்காலையிலோதான், அதாவது ஆஸ்பத்திரி பூட்டியிருக்கும் நேரத்தில்.

மரத்துப்போகும் சொட்டு விட்டு, நீல வெளிச்சத்தில் பார்க்கும் கோல்ட்மன் கருவிதான் இன்றும் உரைகல். கருவிழி தடிமனாக இருந்தால் கூட்டியும், மெல்லியதாக இருந்தால் குறைத்தும் காட்டும். அது மருத்துவருக்குத் தெரிந்த கணக்கு. குறை என்னவென்றால், அது காட்டுவது அந்த ஒரு நிமிடத்தை மட்டும். அதே கருவியால் நாள் முழுக்க இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை அளப்பது அடுத்த வழி. விவரம் கிடைக்கும், ஒரு நாள் கூலி போகும். இரவு அளவு வேண்டுமென்றால் அட்மிட் ஆக வேண்டும்.

மலிவான வழி தண்ணீர்ச் சோதனை. ஒரு லிட்டர் தண்ணீரை மளமளவென்று குடிக்கவைத்து, கால் மணிக்கு ஒருமுறை அளப்பார்கள். அழுத்தம் எவ்வளவு உயரம் போகக்கூடும் என்று ஓரளவு சொல்லும், எப்போது போகும் என்று சொல்லாது. இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது.

வீட்டிலேயே அளக்கும் ஐகேர் ஹோம் கருவி எனக்குப் பிடித்திருக்கிறது. மெல்லிய முனை கருவிழியைத் தொட்டுத் துள்ளித் திரும்பும் வேகத்தை வைத்துக் கணக்கிடுகிறது. மரத்துப்போகும் சொட்டு தேவையில்லை. படுக்கையை விட்டு எழுந்த கையோடு அளக்கலாம். ஆனால் விலை கையைக் கடிக்கும். கை நடுங்கும் பெரியவர்களுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். டிரிக்கர்ஃபிஷ் என்ற கான்டாக்ட் லென்ஸ் 24 மணி நேரமும் பதிவு செய்யும், தூக்கத்திலும். ஆனால் அது தருவது பாதரச அளவு அல்ல, கண்ணின் வடிவ மாற்றத்தைக் காட்டும் மின் குறிப்பு. 14 என்று படித்துப் பழகிய ஃபைலோடு அதை ஒப்பிட முடியாது.

என்னைக் கேட்டால், முதலில் செலவில்லாததைச் செய்யலாம்: அப்பாயின்ட்மென்ட் நேரத்தை மாற்றுவது. ஒருமுறை முதல் டோக்கன், அடுத்தமுறை சாயங்காலம். எண் நன்றாக இருந்தும் ஃபீல்டு சரிந்தால், வீட்டுக் கருவியோ முழுநாள் அளவோ பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். மருந்தே அதனால் மாறக்கூடும். அழுத்தம் குறைக்கும் கண் சொட்டுகளில், டிமோலால் இரவில் அவ்வளவாக வேலை செய்வதில்லை, லட்டானோபிராஸ்ட் இரவிலும் குறைக்கிறது.

அம்மாவுக்கு இப்போது 8 மணி டோக்கன். முந்தின நாளே டவுனில் சித்தி வீட்டில் போய்த் தங்கிவிடுகிறார். முதல்முறை அப்படிப் போனபோது வந்த அளவு 23.