ஷாங்காயிலிருந்து ஒரு நாள்: மேற்கு ஏரியா, தோங்ச்சியென் ஏரியா?

ஷாங்காய் நெரிசலிலிருந்து ஒரு நாள் தப்ப நினைப்பவர்கள் இந்த இரண்டு ஏரிகளுக்கும் நடுவேதான் தடுமாறுகிறார்கள்.

பயணம்: மேற்கு ஏரி இருக்கும் ஹாங்சோவுக்கு அதிவேக ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். தோங்ச்சியெனுக்கு, நிங்போ நகரம் வரை ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அப்புறம் மெட்ரோ 4ஆம் தடம்.

செலவு: மேற்கு ஏரிக்கரையில் நடக்கக் கட்டணம் இல்லை. தோங்ச்சியெனுக்கு ரயில் டிக்கெட்டே கூடுதல்.

அமைதி: மேற்கு ஏரி 2011 முதல் யுனெஸ்கோ பாரம்பரியத் தலம். கவிஞர் சூ தோங்போ அங்கே அதிகாரியாக இருந்தபோது, தூர்வாரிய சேற்றைக் கொண்டு எழுப்பிய கரை இன்றும் இருக்கிறது. அழகுதான். ஆனால் சீனாவின் அக்டோபர் முதல் வார தேசிய விடுமுறையில் போனால் தண்ணீரைவிடத் தலைகள்தான் தெரியும்! தோங்ச்சியென் ஏறத்தாழ மூன்று மடங்கு பெரியது, கூட்டம் சிதறிவிடும்.

முதல்முறை போகிறவர்களுக்கு மேற்கு ஏரி சரி, அதுவும் வாரநாள் விடியற்காலையில். சும்மா தண்ணீரைப் பார்த்து உட்கார வேண்டுமென்றால் தோங்ச்சியென்தான்.