ஹார்லி அல்ட்ரா லிமிடெட்: டூர்-பேக் பெட்டியைக் கழற்றி மாட்ட உதவும் ரேக், டாக்கிங் கிட் – ஒரு மதிப்பீடு

ஹார்லி-டேவிட்சன் அல்ட்ரா லிமிடெட் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருக்கும் டூர்-பேக் பெட்டியில் முகம் முழுவதையும் மூடும் ஹெல்மெட்டுகள் இரண்டை வைக்கலாம். நெடும்பயணத்தில் அதைப் போல் உதவும் பொருள் வேறில்லை. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே போல்ட் போட்டு முடுக்கிய ரேக்கின் (பெட்டியைத் தாங்கும் உலோகச் சட்டத்தின்) மேல் அது பொருத்தப்பட்டிருப்பதால், அலுவலகத்துக்குப் போனாலும் கடைத்தெருவுக்குப் போனாலும் காலிப் பெட்டியைச் சுமந்துகொண்டே போக வேண்டியிருக்கிறது. நானூறு கிலோவைத் தாண்டிய வண்டிக்கு ஒரு பெட்டி பாரமா என்று சிலர் கேட்பதுண்டு. அந்த எடை இருக்கையைவிட உயரமாகவும் வண்டியின் பின்கோடியிலும் இருக்கிறது என்பதுதான் சிக்கல். மெதுவாகத் திரும்பும்போதும் சரிவில் நிறுத்தும்போதும் அது நன்றாகவே தெரியும். மேற்கு டெக்சாசில், மணிக்கு 80 மைல் வேகம் அனுமதிக்கப்பட்ட ஐ-10 நெடுஞ்சாலைப் பகுதியில் பக்கவாட்டில் காற்று அடித்தால், அந்த அகன்ற பெட்டி காற்றை வாங்கி வண்டியின் பின்பகுதியை அசைத்துவிடுகிறது.

இதை நிறுவனங்கள் அறியாமல் இல்லை. பின்பெட்டி இல்லாத ஸ்ட்ரீட் கிளைடை ஹார்லி 2006ஆம் ஆண்டு மாடலாகக் கொண்டுவந்தது. ஹோண்டாவும் 2018 முதல் கோல்ட் விங்கைப் பெட்டி இல்லாமலும், பெட்டியோடு கூடிய டூர் வடிவிலும் தனித்தனியே விற்கிறது. வாங்கும்போதே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள் என்பது அவர்கள் தரும் தீர்வு. ஒரே வண்டியை இரண்டு விதமாகவும் ஓட்ட விரும்புகிறவருக்கு வழி, ஹார்லியே துணைப்பொருளாக விற்கும் கழற்றும் ரேக்கும், அதை மாட்ட வண்டியிலேயே நிலையாகப் பொருத்தும் நான்கு முனைகள் கொண்ட டாக்கிங் கிட்டும்தான். 2017ஆம் ஆண்டு அல்ட்ரா லிமிடெட்டில் இவற்றைப் பொருத்திப் பயன்படுத்திவரும் அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

பழைய ரேக்கை எடுத்துவிட்டு, பின் மட்கார்டின் இருபுறமும் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என டாக்கிங் முனைகளைப் பொருத்த வேண்டும். பக்கப் பெட்டிகளையும் இருக்கையையும் கழற்றித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றாலும், டார்க் ரெஞ்சும் (போல்ட்டைக் குறித்த அளவு விசையில் முடுக்கும் கருவி) பொறுமையும் உள்ள எவரும் வீட்டிலேயே முடித்துவிடலாம். அதன் பிறகு பெட்டியோடு சேர்ந்த ரேக்கின் முன்பக்கக் காடிகளை முன்முனைகளில் உட்காரவைத்து, பின்பக்கத்தைப் பின்முனைகள் மேல் இறக்கி, இருபுறத் தாழ்களையும் பூட்டினால் வேலை முடிந்தது. கருவி எதுவும் தேவையில்லை. முனைகளில் உள்ள ரப்பர் புஷ்கள்தான் அதிர்வை வாங்கிக்கொள்கின்றன. நன்றாகப் பூட்டிய ரேக்கைக் கையால் பிடித்து உலுக்கினால் அது தனியாக ஆடாமல் வண்டியோடு சேர்ந்தே ஆட வேண்டும். தனியாக ஆடினால் ஒரு தாழ் சரியாக விழவில்லை, அல்லது ரப்பர் தேய்ந்துவிட்டது என்று பொருள். ஒவ்வொரு முறை மாட்டிய பின்பும் இதைச் செய்துபார்ப்பது அவசியம்.

இரும்பு வேலையில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த மாற்றத்தின் தரத்தை உண்மையில் தீர்மானிப்பது மின்கம்பிகள். அல்ட்ராவின் டூர்-பேக்கில் பின்விளக்கு இருக்கிறது, பின்னால் அமர்பவருக்கான ஸ்பீக்கர்கள் இருக்கின்றன, ரேடியோ ஆன்டெனாவும் அதிலேயே இருக்கிறது. இவற்றின் கம்பிகள் எல்லாம் இருக்கையின் அடியில் போய்ச் சேர்கின்றன. இந்த இணைப்புகளை அப்படியே விட்டுவிட்டு ரேக்கை மட்டும் மாற்றினால், நொடியில் கழற்றக்கூடிய பெட்டிக்காக ஒவ்வொரு முறையும் இருக்கையைத் தூக்க வேண்டிவரும்; வாங்கிய வசதியில் பாதி அங்கேயே போய்விடும். ஆகவே ரேக்குக்குச் செலவிடும்போதே, வெளியிலிருந்து கையால் பிரிக்கக்கூடிய, மூடியுள்ள நீர்புகாக் கனெக்டர் ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். பெட்டி இல்லாத நாள்களில் வண்டிப் பக்கத்துக் கனெக்டர் சக்கரம் வாரியிறைக்கும் தண்ணீரிலும் தூசியிலும் கிடக்கும் என்பதால், மூடியைப் போட்டு வைக்காவிட்டால் ஊசிகளில் பச்சை பூத்துவிடும்.

ஆன்டெனாவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெட்டி போனால் அதோடு ஆன்டெனாவும் போய்விடுவதால் ரேடியோ வெறுமனே இரையும். ஆன்டெனாவை வண்டியிலேயே தங்கும்படி இடம் மாற்றுவதோ, முன் ஃபேரிங்கினுள் (காற்றைத் தடுக்கும் முன்பக்க உறைக்குள்) மறைத்துவைக்கும் வகையைப் பொருத்துவதோ சிறிய செலவுதான். பெட்டியைக் கழற்றிய வண்டியும் குறையில்லாத வண்டியாக இருக்க வேண்டும் என்று கருதுகிறவர்கள் இதைத் தவிர்க்கக் கூடாது.

அதே காரணத்துக்காகப் பின்னால் அமர்பவரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். டூர்-பேக்கின் முன்பக்க மெத்தைதான் அவருக்கு முதுகுச் சாய்மானம். பெட்டியைக் கழற்றிவிட்டு அவரை ஏற்றிக்கொண்டால், வேகம் கூட்டும்போது சாய்ந்துகொள்ள எதுவும் இருக்காது. நல்ல வேளையாக, இந்த டாக்கிங் முனைகளில் கழற்றும் வகைச் சாய்மானக் கம்பியையும் சிறிய சாமான் ரேக்கையும் மாட்டலாம். என் கணக்கில் டாக்கிங் கிட்டுக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாததற்கு இதுவே முதன்மையான காரணம்.

எப்போதும் தனியாகவே பயணம் செய்பவர்கள், பெட்டியை முன்னுக்குத் தள்ளிப் பின்னிருக்கையின் இடத்துக்கே கொண்டுவரும் சோலோ ரேக்கைப் பரிசீலிக்கலாம். சுமை வண்டியின் நடுவை நோக்கி வருவதால் ஓட்டம் தெளிவாகவே நிதானப்படும். இருவர் போகும் வீட்டுக்கு அது உதவாது.

ஷாக் அப்சார்பரின் அமைப்பை மாற்றாமல் பெட்டியை மட்டும் எடுத்தால், சுமைக்கென இறுக்கிவைத்த பின்பகுதி சிறு பள்ளத்துக்கும் முதுகில் அடிக்கும். 2017 மாடலிலிருந்து இடது பக்கப் பெட்டியை எடுத்தால் இதற்கான குமிழ் கைக்கு எட்டும். அதற்கு முந்தைய அல்ட்ராக்களில் காற்றழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

ரேக்கும் டாக்கிங் கிட்டும் சேர்ந்து சில நூறு டாலர் ஆகும். பழையதை வாங்கி மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் ஆண்டைச் சரிபார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். டூரிங் வண்டிகளின் சட்டகம் 2009இல் மாறியது. டாக்கிங் கிட் 2014இல் மறுபடி மாறியது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் ரேக் உங்கள் வண்டியின் முனைகளில் பொருந்தாமல் போகலாம். ஆண்டு பொருந்துகிறது என்றால் ரேக்கின் காடிகளில் உலோகம் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், தாழ்கள் இரண்டையும் பூட்டித் திறந்து பாருங்கள். ரப்பர் புஷ்களை மட்டும் எப்படியும் புதிதாகவே போட்டுவிடுங்கள்.