வாரத்துக்கு ஒரு மாத்திரை, அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை

அரை மாதச் சம்பளம் போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் நானும் எல்லோரையும் போலச் சும்மா இருந்துவிடுவேன்.

அம்மாவுக்குப் பல் வேரில் சீழ். பல் மருத்துவர் அமாக்சிசிலின் எழுதித் தந்தார், பென்சிலின் வகை ஆன்டிபயாட்டிக். முடக்குவாதத்துக்காக அம்மா வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறார் என்பதை அவரிடம் சொல்ல மறந்தது என் தப்பு. அந்தப் பயத்தில்தான் மருந்து விற்கும் செயலி ஒன்றில் ஓராண்டுச் சந்தா கட்டினேன். ‘உங்கள் மருந்துகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகுமா? எங்கள் மருந்தாளர் பார்த்துச் சொல்வார்’ என்பது விளம்பரம். படிவத்தில் ‘தினமும் சாப்பிடும் மருந்துகள்’ என்று ஒரே ஒரு கட்டம். வார மருந்துக்கு இடமே இல்லை. கீழே ‘பிற குறிப்புகள்’ பகுதியில் எழுதினேன். 2 நிமிடத்தில் பச்சை நிற டிக்: ‘தாராளமாகச் சாப்பிடலாம். உணவோடும் சாப்பிடலாம்.’ அந்தப் பச்சையைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

5ஆம் நாள் உதட்டின் உட்புறமெல்லாம் புண். ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்கவே கண்ணை இறுக மூடிக்கொண்டார். ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் சரிந்திருந்தன. மெத்தோட்ரெக்சேட்டைச் சிறுநீரகம் வெளியேற்றுவதைப் பென்சிலின் வகை மருந்துகள் குறைக்கக்கூடும், எல்லோருக்கும் இப்படி ஆகாது, சிறுநீரகம் மந்தமானவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்று மருத்துவமனையில் விளக்கினார்கள். மெத்தோட்ரெக்சேட்டின் பாதிப்பைக் குறைக்க ஃபோலினிக் அமிலம், படுக்கை, மறுபடி மறுபடி ரத்தப் பரிசோதனை. சந்தாவையும் சேர்த்தால் சரியாக அரை மாதச் சம்பளம்.

செயலிக்காரர்களைக் கூப்பிட்டேன். முதல் ஆள், “தினசரிக் கட்டத்தில் அந்த மருந்து இல்லையே” என்றார். மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்பது ஒரு மருந்தாளருக்குத் தெரியாதா? அடுத்தவர், “நாங்கள் தருவது தகவல்தான், ஆலோசனை இல்லை” என்றார். மூன்றாம் முறை பேச ஆளே வரவில்லை. என் புகாரில் ‘தீர்க்கப்பட்டது’ என்று எழுதி மூடிவிட்டார்கள். போன அரை மாதச் சம்பளத்தில் சந்தாப் பணத்தையாவது கொடுங்கள் என்றேன். விதியில் இடமில்லையாம்.

எதோடு எது ஆகாது என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது பொறுமை இல்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள், அமாக்சிசிலினும் சேர்ந்தால், ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினாலோடு அமாக்சிசிலின் சேர்ந்தால் தோலில் தடிப்பு வரும் வாய்ப்பு அதிகம். அதே பென்சிலின் வகையான ஆம்பிசிலின் என்றால் வெறும் வயிற்றில் சாப்பிடுங்கள். கிளாவுலானிக் அமிலம் கலந்த அமாக்சிசிலின் என்றால் உணவைத் தொடங்கும்போது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள், அளவையே மாற்ற வேண்டிவரலாம். வார மருந்தை எழுதினால் மட்டும் போதாது, வாய்விட்டும் சொல்லுங்கள்.

சந்தா அடுத்த ஆண்டு தானாகவே புதுப்பிக்கப்படும் என்று இன்று காலை செய்தி வந்திருக்கிறது. நிறுத்துவதற்கான பொத்தானை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.